ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால்

காரைக்கால் பக்கம் பட்டினச்சேரி, மீனவர் ஊர். அங்கிருந்து அதே கரையில் வடக்கே போனால் தரங்கம்பாடி. 1716-இல் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த மிஷனரிகள் அங்கே ஆசிரியர்களுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். சொல்லிக்கொடுப்பதையும் படிக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு இந்தக் கரையில் முந்நூறு வயது தாண்டிவிட்டது.

அன்றைய திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை வைத்து, முந்திரி (1/320) வரை பின்னங்களை மனப்பாடம் செய்தார்கள். இன்று நடுநிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார் பட்டம், பி.எட்., டெட் எல்லாம் தாண்டி வருகிறார். சிலர் எம்.எஸ்சி.யும் முடிக்கிறார்கள். பட்டம் கூடினால் போதுமா?

1999-இல் வெளிவந்த லிபிங் மாவின் நூலில் வரும், ஆசிரியர்களிடம் கேட்கப்பட்ட கணக்கு: 1¾ ÷ ½. பட்டம் பெற்ற அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் பாதிப்பேர்கூடச் சரியாக முடிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்குமேல் இரண்டு மூன்று வருடப் பயிற்சி மட்டுமே பெற்ற சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகப் போட்டார்கள். பெரும்பாலானோர் அதற்கேற்ற கதைக்கணக்கும் சொன்னார்கள்.

பட்டினச்சேரியில் அந்தக் கதையைத் தேட வேண்டாம். ஒன்றே முக்கால் கிலோ நெத்திலியை அரைக்கிலோ கூறாகப் போட்டால் மூன்றரைக் கூறு. ஒரு கிலோவுக்கு இரண்டு கூறு, அதனால்தான் இரண்டால் பெருக்குகிறோம். ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்று ஒப்பித்தே இன்ஜினியரிங் முடித்தவன் நான். ஏன் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. வாத்தியாரின் மேற்படிப்பு கால்குலஸுக்கு மேலே ஏறட்டும். இந்தக் கூறுக்கும் கொஞ்சம் இறங்கி வரணும்.