சைமன் சுந்தரராஜ்

இந்தியக் கால்பந்தின் முன்வரிசை ஆட்டக்காரர், பயிற்சியாளர், தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் சையத் அப்துல் ரஹீம் பயிற்றுவித்த, பி.கே. பானர்ஜி தலைமையேற்ற அணியில் ஆடினார். கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜும் அந்த அணியில் இருந்தார்.

அணிக்குக் கிடைத்த பிரிவு கடினமானது. ஹங்கேரியிடம் 1–2 எனத் தோற்றது. பிரான்ஸை 1–1 என நிறுத்தியது. பெருவிடம் 1–3 எனச் சரிந்து வெளியேறியது. அதன்பின் இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. ஆகவே பெருவுக்கு எதிரான அந்த ஒற்றைக் கோலே நாட்டின் கடைசி ஒலிம்பிக் கோல். அடித்தவர் சைமன் என்றே பத்திரிகைகள் பெரும்பாலும் எழுதுகின்றன. சக வீரர் பலராமின் பெயரைத் தரும் பதிவுகளும் உண்டு. அன்றைய கோல் கணக்கெழுத்து அவ்வளவு சீரானதல்ல.

ஒலிம்பியன் என்ற பட்டத்தைவிட, பயிற்சியாளராக அவர் சாதித்தது பெரிது எனலாம். 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் நடந்த இறுதியாட்டத்தில் அவரிடம் பயின்ற கேரள அணி ரயில்வே அணியை 3–2 என வென்று, தேசியக் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றியது. மூன்று கோல்களும் கேரள அணித் தலைவர் மணி அடித்தவை.