ஹோல்கா: 'பொம்மை' என்று பெயரிட்டவர் யார்?

1980களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் லீ டிங்-மோ வடிவமைத்த ஹோல்கா, சீனத் தொழிலாளர் குடும்பங்களுக்கான மலிவு கேமராவாகவே பிறந்தது. 'மிகுந்த ஒளி' எனப் பொருள்படும் கான்டனீஸ் சொற்றொடரின் திரிபே அதன் பெயர். 35 மி.மீ. படச்சுருள் பரவியதும், 120 படச்சுருளை நம்பிய அதன் உள்ளூர்ச் சந்தை சுருங்கியது. மேலைநாட்டுக் கலைஞர்களோ அதன் ஒளிக்கசிவையும் மங்கிய விளிம்புகளையும் அழகியலாக்கினர்.

பின்னர் வந்த அதன் அகலக்காட்சி வடிவம், 6×12 செ.மீ. அளவில் ஒரு சுருளுக்கு 6 படங்களே தரும். 1899இல் வெளிவந்த கோடாக் பனோரம், லென்ஸைச் சுழற்றி, வளைத்துப் பொருத்திய படச்சுருளில் காட்சியைப் பதித்தது. ஹோல்காவின் லென்ஸ் அசைவதில்லை. ஆகவே ஓரங்கள் இருள்கின்றன. அவ்விருளையே சோதனை முயற்சியாளர்கள் இன்று விரும்பித் தேடுகின்றனர். ஆனால் 'பொம்மை கேமரா' என்னும் சொல், குடும்பப் படம் எடுக்க அதை வாங்கிய முதற்பயனரை வரலாற்றின் ஓரத்திற்குத் தள்ளிவிடுகிறது.