ஒரு நீரிணை, இரு கரை
மலாக்கா நீரிணைச் சிறுமீனவர் வரலாறு

நிலத்துக்கு வரப்பு உண்டு. கடலுக்கு வரப்பு ஏது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கரையிலே நின்று பார்ப்பவனுக்குக் கடல் ஒரே நீர்ப்பரப்பாகத் தோன்றுவது இயல்பே. ஆனால், வலை வீசிப் பிழைப்பவன் அதை அவ்வாறு காண்பதில்லை. எந்த இடத்தில் எவன் வலையிடலாம், எந்த நாளில் எவனும் இறங்கலாகாது, ஒருவன் கண்ட மீன்கூட்டத்தில் பின்னால் வந்தவனுக்குப் பங்கு உண்டா இல்லையா என்பன போன்ற முறைகள் யாவும் அவன் மனத்திலே வரையப்பட்டிருக்கின்றன. மலாக்கா நீரிணையின் இரு கரைகளிலும் அம்முறைகள் எவ்வாறு வாழ்ந்தன, எவ்வாறு சிதைந்தன, அரசுகள் அவற்றுக்கு ஈடாக எவற்றைச் செய்தன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் நீரிணையின் வடவாயிலில் உள்ள ஆச்சே நாட்டைப் பார்ப்போம். முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் இலாமுரிதேசம் இப்பகுதியிலேயே இருந்தது என்று ஆய்வாளர் பலரும் கொள்வர். ஆதலின், தமிழாசிரியர்களுக்கு இந்நாடு முற்றும் புதியதன்று. மலாய்மொழியிலுள்ள ‘காப்பால்’ என்னும் சொல் நம் ‘கப்பல்’ என்பதிலிருந்து சென்றது என்பதையும் வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். அக்கரையில் ‘பங்லிமா லாவோட்’ என்றொரு பதவி உண்டு. பங்லிமா என்றால் படைத்தலைவன். லாவோட் என்றால் கடல். 1607 முதல் 1636 வரை ஆண்ட சுல்தான் இஸ்கந்தர் மூடாவின் காலத்துக்கு இப்பதவியைக் கொண்டுசெல்வர். அந்நாளில் கப்பல்களிடம் தீர்வை வாங்குவதும், போர் வந்தால் கடலோர மக்களைத் திரட்டுவதும் அவன் கடமைகளாயிருந்தன. சுல்தானகம் மறைந்தது, டச்சுக்காரர் வந்தனர், அவர்களும் போயினர். பதவி மட்டும் போகவில்லை. தீர்வையும் போரும் கழன்றுபோக, மீன்பிடித் தொழிலை முறைப்படுத்தும் வேலை அதனிடம் எஞ்சியது.

பங்லிமா லாவோட்டின் ஆட்சி எல்லைக்கு ‘லோக்’ என்று பெயர். அது பெரும்பாலும் ஒரு விரிகுடாவோ, ஓர் ஆற்றுமுகமோ, படகுகள் வந்தணையும் ஒரு துறையோ ஆகும். மீனவரே தங்களுக்குள் தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்துகொள்கின்றனர். வெள்ளிக்கிழமைத் தொழுகை வேளையில் எவரும் கடலுக்குச் செல்லலாகாது. நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், கடலுக்கெனச் செய்யும் விருந்துநாள், ஆகஸ்டு 17ஆம் நாளாகிய நாட்டு விடுதலை நாள் ஆகியவற்றிலும் தடை உண்டு. 2004ஆம் ஆண்டுப் பேரலைக்குப் பின்னர் டிசம்பர் 26ஆம் நாளும் அவ்வரிசையில் சேர்ந்தது. தடையை மீறியவனின் மீன் பறிக்கப்படும். அவன் படகு சில நாள் கரையிலேயே கட்டிக்கிடக்கும். வலைகள் சிக்கிக்கொண்டால் வழக்கைத் தீர்ப்பவரும் பங்லிமாவே. இவற்றுள் எதையும் மீன்வளம் காக்கவென்று நம் காலத்து அறிஞர் எவரும் வகுத்துக் கொடுத்ததில்லை. தொழுகைக்கும் துக்கத்துக்கும் ஒதுக்கிய நாள்கள் மீனுக்கும் ஓய்வுநாள்களாக அமைந்தன, அவ்வளவே.

கடலில் காணாமற் போனவனைத் தேடுவதும், தத்தளிப்பவனைக் கரைசேர்ப்பதும் அம்மரபில் விருப்பமல்ல, கடமை. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா அகதிகள் சிதைந்த படகில் மிதந்து வந்தபோது, அவர்களைக் கரையேற்றியவர்கள் வட ஆச்சே மீனவர்களே. 2008ஆம் ஆண்டில் ஆச்சே மாநிலச் சட்டம் இந்த மரபு நிறுவனத்துக்கு முறையான இடம் அளித்தது.

மலாயாக் கரையிலும் அறிவும் மரபும் குறைவாக இருக்கவில்லை. ரேமண்டு ஃபர்த் என்னும் மானிடவியல் அறிஞர் 1939-40இல் கிளந்தான் கடற்கரையில் தங்கி ஆராய்ந்து, 1946இல் மலாய் மீனவரின் பொருளியல் வாழ்வைப் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். கிளந்தான் நம் நீரிணைக்கு அப்பாற்பட்ட கீழைக்கரை என்றாலும், அவர் கண்ட ஒன்றை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. அங்கு ஒரு வலைக்குழுவின் தலைவனுக்கு ‘ஜூரு செலாம்’ என்று பெயர். அவன் படகிலிருந்து நீருக்குள் இறங்கித் தலையை மூழ்கவிட்டு, மீன்கூட்டத்தின் ஒலியைச் செவியால் கேட்பான். எவ்வகை மீன், எவ்வளவு தொலைவு, வலையிறக்கலாமா வேண்டாமா என்பதை அவ்வொலி கொண்டே முடிவு செய்வான். பல ஆண்டுப் பயிற்சியால் வரும் கல்வி அது. எழுத்தில் இல்லாத காரணத்தால் அதைக் கல்வியென்று எண்ண நாம் தயங்குகிறோம்.

இந்நிலையில்தான் இழுவை வலை வந்தது. 1960களின் தொடக்கத்தில் செருமானியத் தொழில்நுட்ப உதவியுடன் தாய்லாந்து வளைகுடாவில் அது வேரூன்றியது. இரு பலகைகள் வலையின் வாயை அகலத் திறந்து வைக்க, விசைப்படகு அதைக் கடலடித் தரையோடு இழுத்துச் செல்லும். எதிர்ப்பட்டது எதுவாயினும் வலைக்குள் போகும். வளைகுடாவில் 1961இல் ஒரு மணி நேர இழுவைக்கு ஏறத்தாழ 300 கிலோ கிடைத்தது. 1980களில் அது ஏறத்தாழ 50 கிலோவாக இறங்கியது. அதற்குள் இவ்வலை தெற்கே பரவி, நம் மேலைக்கரைக்கும் சுமத்திராவின் கீழைக்கரைக்கும் வந்துவிட்டது.

இழுவைப் படகு ஆழ்கடலுக்குப் போயிருந்தால் பூசல் இத்துணை முற்றியிராது. ஆனால் அது தேடியது இறால். இறாலின் குஞ்சுகள் வளர்வது கண்டற்காடுகள் சூழ்ந்த கழிமுகங்களில். வளர்ந்த இறால் மேய்வதோ அவற்றை ஒட்டிய ஆழமற்ற சேற்றுத்தரையில். பேராக் மாநிலத்து மாத்தாங் போன்ற காடுகள் கடலுக்கு அளிக்கும் செல்வம் இது. சிறுமீனவனின் செவுள் வலையும் தூண்டிலும் கிடக்கும் இடமும் அதுவே. இரவில் வந்த இழுவைப் படகு அவன் வலையையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிற்று. விடிந்து பார்த்தால் மிதவை மட்டும் கிடக்கும். வலை என்பது அவனுக்குக் கடன் வாங்கிச் சேர்த்த முதல். அதை இழந்தவன் இன்னொரு முறை கடன்படவேண்டும். அதுவும் பெரும்பாலும் மீனை வாங்கும் முதலாளியிடமே.

பூசல் வெடித்தது. 1964க்கும் 1976க்கும் இடையில் மேலைக்கரையில் நடந்த மோதல்களில் முப்பதுக்கும் மேற்பட்ட மீனவர் மாண்டனர். அறுபதுக்கும் மேற்பட்ட சிறுபடகுகள் அழிந்தன. இழுவைப் படகுகளின் உரிமையாளருள் சீனர் மிகுதி, சிறுமீனவருள் மலாய்க்காரர் மிகுதி என்பதனால், இதை இனப்பூசல் என்று கூறி முடித்தவர் பலர். இக்கருத்து முற்றும் பொருந்தாது. சிறுவலை கொண்டு பிழைத்த சீனரும் கரையோரமெங்கும் இருந்தனர்; அவர்களுடைய வலைகளும் கிழிந்தன. இது வலைக்கும் வலைக்கும் நேர்ந்த பூசல் என்பதே என் துணிபு.

இரு கரை அரசுகளும் இரு வேறு வழிகளை மேற்கொண்டன. இந்தோனேசியா ஒரேயடியாகத் தடுத்தது. 1980ஆம் ஆண்டு அதிபர் சுகார்த்தோ பிறப்பித்த 39ஆம் எண் ஆணை, சாவா, பாலி, சுமத்திராக் கடல்களில் இழுவை வலையை விலக்கியது. சுமத்திராவில் 1981 சனவரி முதல் நாளோடு அது முடிவுற வேண்டும் என்று கெடு விதித்தது. 1983இல் நாட்டின் பெரும்பகுதிக்கும் தடை விரிந்தது. அராஃபுராக் கடல் மட்டும் விலக்குப் பெற்றது. இறால் ஏற்றுமதியால் வந்த அந்நியச் செலாவணியைப் பொருட்படுத்தாது இதனைச் செய்தார்கள் என்பது வியப்புக்குரியது. முதலில் இறால் வரவு குறைந்தது உண்மையே. பின்னர்ச் சிறுமீனவர் மூவடுக்கு வலையைக் கைக்கொண்டதும் நிலைமை தேறியது. படகு உரிமையாளர் இழந்தனர், கூலியாட்கள் வேலை தேடி அலைந்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. காலப்போக்கில் பெயர் மாற்றிய இழுவை வலைகள் மீண்டும் தலைகாட்டவே, 2015இல் மறுபடியும் ஒரு தடை விதிக்க வேண்டியதாயிற்று.

மலேசியாவோ கடலுக்கு வரப்பு வகுத்தது. 1981இல் உரிமமுறை திருத்தப்பட்டபோது கடல் நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. கரையிலிருந்து 5 கடல்மைல் வரை மரபுவழி வலையோடு தானே படகோட்டும் மீனவனுக்கு உரியது. 5 முதல் 12 மைல் வரை 40 டன்னுக்கு உட்பட்ட விசைப்படகுகளுக்கும், 12 முதல் 30 மைல் வரை 40 டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கும், அதற்கு அப்பால் 70 டன்னுக்கு மேற்பட்ட ஆழ்கடல் கலங்களுக்கும் ஒதுக்கப்பட்டன. எந்தப் படகு எங்கே நிற்கலாம் என்பது பார்த்தவுடன் தெரியும்படி, வட்டார எழுத்தைப் படகிலேயே பொறிக்கச் செய்தனர். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் இவ்வேற்பாட்டுக்கு வலுவூட்டியது.

எவ்வழி சிறந்தது? தாளில் வரைந்த கோடு அழகியது. யாருக்கும் முழு நட்டமில்லை. ஆனால் இரவில், மழையில், ஐந்தாவது மைல் எங்கே முடிகிறது என்று யார் போய்ப் பார்ப்பது? இறாலும் கோட்டைப் படித்துவிட்டு அப்பால் போவதில்லை. அத்துமீறல் பற்றிய முறையீடு நம் கரையில் இன்றளவும் ஓயாமைக்கு இதுவே காரணம். மறுகரையின் முழுத்தடை காவலுக்கு எளிது. வலை இருந்தாலே குற்றம். தொலைவு அளக்க வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்தால் நான் இந்தோனேசிய வழியின் பக்கம் சாய்கிறேன். இரண்டிலும் ஒரு குறை உண்டு. காவல் காப்பவன் அரசின் ஆள்; லோக்கில் வாழ்பவனல்லன். பங்லிமா லாவோட்டுக்குச் சுற்றுக்காவல் கலம் கிடையாது. விதியை மீறியவனை ஊரே அறியும். அவனும் ஊராரையே நம்பிக் கடலுக்குப் போக வேண்டியவன்.

இக்கருத்து உலக அரங்கிலும் மெல்ல ஏறியது. சிறுமீனவர் உரிமைபற்றி ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனம் வகுத்த வழிகாட்டி நெறிகள் 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உறுப்புநாடுகளால் ஏற்கப்பட்டன. மீன்பிடி உரிமையில் மரபுமுறைகளை மதித்தல், பெண்களின் உழைப்பைக் கணக்கிற்கொள்ளல், உள்ளூர் மக்களுக்கு உணவாகும் மீனைக் காத்தல் ஆகியவற்றை அந்நெறிகள் வலியுறுத்துகின்றன. அவை உருவாகப் பல்லாண்டு உழைத்தவர்களுள் ஒருவர் சந்திரிகா சர்மா. சென்னையிலிருந்து இயங்கிய பன்னாட்டு மீன்தொழிலாளர் ஆதரவு அமைப்பு ஒன்றின் செயலாளர். 2014 மார்ச் 8ஆம் நாள், மங்கோலியாவில் நடக்கவிருந்த உணவு வேளாண் நிறுவன மாநாட்டுக்குச் செல்லும் வழியில், அவர் கோலாலம்பூரில் ஏறிய விமானம் எம்எச் 370. மூன்று மாதம் கழித்து அவ்வழிகாட்டி நெறிகள் நிறைவேறின. நூலாக வந்தபோது அவை அவர் பெயருக்கே காணிக்கையாக்கப்பட்டிருந்தன.