டிரைவர் இல்லாத வண்டி: லினக்ஸின் கதை

லினக்ஸ் நிறுவிய யாரையும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்பார்கள்: "எல்லாம் சரி, வைஃபை வேலை செய்யுதா?" அந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட கதை உண்டு.

டிரைவர் என்பது வன்பொருளுக்கும் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கும் நடுவில் நிற்கும் துபாஷி. வன்பொருளின் பாஷையைத் தயாரித்தவரே சொல்லித்தர மறுத்தால்?

1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்தில் அதுதான் நடந்தது. பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதிதாக வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டருக்கு மூலநிரல் வரவில்லை. வைத்திருந்த ஒருவரைக் கேட்டதற்கு, யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டார். 1983-ல் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்துக்கு இந்தக் கோபமும் ஒரு காரணம்.

1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கெர்னலை அறிவித்தபோது, ஏடி வன்தட்டு தவிர வேறெதற்கும் அநேகமாக ஆதரவு வராது என்று எழுதினார். அவரிடம் இருந்தது அதுதானே! :-) மற்றதையெல்லாம் வைத்திருந்தவர்கள் எழுதிச் சேர்த்தார்கள்.

அப்போது கெர்னலை நாமே தொகுப்பது சாதாரணம். ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு கேள்வி வரும். 'ஒய்' என்றால் உள்ளேயே சேரும். 'எம்' என்றால் தேவைப்படும்போது ஏற்றலாம். 'என்' என்றால் வேண்டாம். வன்தட்டு டிரைவருக்கு 'என்' போட்டால் கணினி பாதியில் நின்றுவிடும்.

வைஃபைதான் பெரிய தலைவலி. பிராட்காம் நிறுவனம் தன் சிப்களின் விவரம் தரவில்லை. தன்னார்வலர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு ஏற்கனவே இருந்த டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து குறிப்பு எழுதியது. இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து நிரல் எழுதியது. வங்கியில் ஒருவர் பதிய, இன்னொருவர் சரிபார்ப்பது போல, காப்பியடித்த பேச்சுக்கே இடமில்லை. 2006-ல் அது கெர்னலில் சேர்ந்தது. 2010-ல் பிராட்காமே புதிய சிப்களுக்கு மூலநிரலோடு டிரைவர் வெளியிட்டது.

திறந்த நிரலையும் பராமரிக்க ஆள் வேண்டும். லினஸ் தொடங்கிய அதே 386 சிப்புக்கான ஆதரவை 2012 டிசம்பரில் நீக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் இருபது வருடம் ஓடியிருந்தது!

காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஆயுளைத் தயாரித்தவர் மட்டும் தீர்மானிப்பதா என்பதுதான் கேள்வி. புது விண்டோஸில் வேலை செய்யாத பழைய ஸ்கேனர் வீட்டில் இருந்தால், காயலான் கடைக்குப் போடுமுன் பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றி ஒருமுறை இணைத்துப் பாருங்கள். யாரோ ஒரு புண்ணியவான் டிரைவர் எழுதி வைத்திருக்கலாம்.