வண்டிக்கடியில் தொங்கிய வெளிச்சம்

வேனையே வீடாக்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்து ஊர் சுற்றுகிறவர்கள் பெருகிவருகிறார்கள். அவர்களுக்குள் அதிகம் பேசப்படுவது, உள்ளே எப்படிப்பட்ட விளக்கு போடுவது என்பது. புதுக் கேள்வியாகத் தோன்றினாலும், திண்டுக்கல் சமவெளி இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்திருக்கிறது. 1875-இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. அதன்பின் கொடைக்கானல் போகிறவர்கள் இன்று கொடைக்கானல் ரோடு எனப்படும் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி மாட்டுவண்டி ஏறினார்கள். வத்தலக்குண்டு தாண்டி, மலையடிவாரத்தில் இருந்த கிருஷ்ணம நாயக்கன் தோப்புவரை சுமார் 50 கி.மீ. பயணம். அங்கிருந்து குதிரையிலோ ஆள் சுமக்கும் நாற்காலியிலோதான் மேலே போக வேண்டும். 1845-இல் மலைமேல் வீடு கட்டிக் குடியேறிய அமெரிக்க மதுரை மிஷன் குடும்பங்கள் முதல் வெயிலுக்கு அஞ்சிய அதிகாரிகள் வரை பலரும், 1910-களில் மலைச்சாலையில் மோட்டார் ஓடத் தொடங்கும்வரை இப்படித்தான் போனார்கள். பகல் சூட்டைத் தவிர்க்க இரவில் கிளம்பி, கூண்டுவண்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெத்தை விரித்துப் படுத்துக்கொண்டே சமவெளியைக் கடந்தார்கள். தூங்கும் வண்டிக்கு எந்த வெளிச்சம் ஏற்றது என்பதற்கு அந்தப் பயணமே நல்ல சான்று என்பது என் வாதம்.

மாட்டுவண்டியின் இரவு விளக்கு உள்ளே இருக்கவில்லை. அச்சுக்குக் கீழே ஓர் அரிக்கேன் விளக்கு தொங்கும். அதன் ஒளி சக்கரத் தடத்திலும் மாட்டின் கால்களிலும் விழும். வண்டிக்காரரின் கண்ணில் நேராகப் படாததால், இருட்டுக்குப் பழகிய அவர் பார்வை கெடாது. தூரத்துப் புளியமரமும் எதிரே வரும் வண்டியும் அவருக்குத் தெரியும். மூங்கில் வளைவும் பாயும் வைக்கோலும் நிறைந்த கூண்டுக்குள் தீயைக் கொண்டுபோவது ஆபத்து என்பது முதல் காரணம். மூடிய இடத்தில் மண்ணெண்ணெய் வாடை தாங்காது என்பது அடுத்தது. இந்த இரண்டு கட்டாயங்களால், படுத்திருப்பவருக்குக் கிடைத்தது தரையில் பட்டுத் திரும்பி வரும் மங்கலான மஞ்சள் ஒளி மட்டுமே. விளக்கைப் பார்க்காமல் வெளிச்சத்தை மட்டும் பெறுவது என்ற இந்த ஏற்பாட்டைத்தான் இன்றைய உள்ளலங்காரக்காரர்கள் மறைமுக ஒளி என்கிறார்கள்.

இது வறுமை, ரசனை அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். எண்ணெய் மிச்சமாக வேண்டும், வேறு விளக்கும் கிடையாது. இதில் தேர்வு எங்கே இருக்கிறது? நியாயமான கேள்விதான். ஆனால் அதே பயணி சற்று முன் இறங்கிவந்த ரயிலைப் பாருங்கள். பெட்டியின் கூரை நடுவே விளக்கு. வெகுகாலம் அதில் எரிந்தது விளக்கெண்ணெய். மெதுவாக எரியும், புகைக்கரி குறைவு என்பதற்காக இந்திய ரயில்வே அதை விரும்பியது. எண்ணெய்க்குப் பஞ்சமில்லாத அந்த உயர் வகுப்புப் பெட்டிகளிலும் படுக்கும் நேரத்தில் விளக்கை மறைத்துக்கொள்ளத் திரை தேவைப்பட்டது. மின்சாரம் வந்து, வேண்டிய அளவு ஒளி கிடைத்த பிறகும் தூங்கும் பெட்டிகளில் தனியாக ஒரு இரவு விளக்கை வைக்க வேண்டியிருந்தது. வசதி கூடியபோதும் மனிதர்கள் தேடிப்போனது குறைந்த ஒளியைத்தான். அந்த இரவு விளக்கை நீலமாக்கியது மட்டும் அரைகுறைத் தீர்வு என்பேன். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு மங்கிய நீலம் சற்றுத் தூக்கலாகத் தெரியும், அதனால் வழி தெரியும். ஆனால் உடம்பைப் பகல் என்று நம்பவைத்துத் தூக்கத்தைத் தள்ளிப்போடுவதும் நீலம்தான். மிக மங்கலாக இருந்ததாலேயே அந்தக் கெடுதல் குறைந்தது.

இன்னொரு மறுப்பு நம் ஊர் வெயிலிலிருந்து வருகிறது. மஞ்சள் விளக்கு புழுக்கம், வெள்ளை விளக்கு குளிர்ச்சி என்ற எண்ணம் ஆழமாக ஊன்றியிருக்கிறது. குண்டு பல்பு வாங்கிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே கக்கியது. டியூப் லைட் வந்தபோது வீடுகள் நிம்மதி அடைந்ததில் வியப்பில்லை. எல்இடி விஷயத்தில் இந்தப் பயம் தேவையில்லை. வார்ம் ஒயிட் என்று கடையில் தரும் 2700 கெல்வின் விளக்கும், கூல் ஒயிட் என்று தரும் 6000 கெல்வின் விளக்கும் தரும் சூட்டில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. எண்ணெய்ச் சுடரின் நிறம் ஏறக்குறைய 1900 கெல்வின். ஆக வார்ம் ஒயிட்கூட அரிக்கேனைவிட வெண்மையானதுதான். மழைக்குப் பிந்தைய ஒரு சாயங்காலம் ஆத்தூர்ப் பக்கமோ நிலக்கோட்டைப் பக்கமோ வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தால் மஞ்சளின் இன்னொரு பயன் தெரியும்: ஈசலையும் பூச்சியையும் நீலம் கலந்த வெள்ளை ஒளி இழுக்கும் அளவுக்கு மஞ்சள் இழுப்பதில்லை.

ஆனால் மாட்டுவண்டியில் சமைக்கவில்லையே என்றால், அது உண்மை. சமையல் தோப்பிலும் சத்திரத்திலும் நடந்தது. வேனுக்குள் காய் நறுக்கவும் அடுப்பைப் பார்க்கவும் பிரகாசம் வேண்டும். அதற்கு அடுப்புக்கு மேலே மட்டும் தனி விளக்கும் தனி சுவிட்சும் போதும். ஒரு மேடைக்காகக் கூரை முழுவதும் பட்டை விளக்கு ஒட்டுவது தவறு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றே 1200 வாட்-மணி தாங்கும். மூன்று வாட் விளக்கை அது நாள்கணக்கில் எரிக்கும். வண்டிக்காரருக்கு எண்ணெய் விதித்த கட்டுப்பாடு நமக்கு இல்லை. எனவே அளவை நாம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்: வார்ம் ஒயிட் விளக்குகளைப் படுக்கைப் பலகைக்கு அடியிலும் அலமாரியின் கீழ்விளிம்பிலும், படுத்த கண்ணுக்கு நேரே தெரியாதபடி பொருத்தி, மங்கவைக்கும் குமிழ் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது.