ஜட்கா வண்டியும் டெக்சாஸ் பண்ணையும் - ஒரு குதிரை வரலாறு

பெரியம்மா பையன் டெக்சாஸில் இருக்கிறான். போன மாசம் குடும்பத்தோடு ஒரு மாட்டுப் பண்ணைக்குப் போய் இரண்டு நாள் தங்கி, போட்டோவாக அனுப்பித் தள்ளிவிட்டான். அவன், அவன் மனைவி, எட்டு வயசுப் பெண், ஐந்து வயசுப் பையன், நாலு பேரும் நாலு குதிரைமேல். பையன் தலையில் அவனை விடப் பெரிய தொப்பி.

அதைப் பார்த்துவிட்டு அக்கா பையன் (ஆறு வயசு) கேட்டான்: "மாமா, நாம ஏன் குதிரையில போறதே இல்ல?"

"நம்ம ஊர்ல குதிரை கிடையாதுடா" என்று சொல்லி முடித்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்தியது. ஊருக்கு ஊர் அய்யனார் கோவில் வாசலில் மண் குதிரை நிற்கிறது. மாணிக்கவாசகர் கதையே குதிரை வாங்கப் போன கதைதான். கோவில் தூணெல்லாம் யாளியும் குதிரையும். அப்புறம் எப்படி "நம்ம ஊர்ல குதிரை கிடையாது"? அன்றிலிருந்து ஆபீஸ் முடிந்து வந்து இதையே நோண்டிக்கொண்டிருந்தேன். கிடைத்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த அமெரிக்கப் பண்ணை. மாடு மேய்ப்பதுதான் அங்கே தொழில். வேலி இல்லாத பெரிய நிலத்தில் மாட்டை மடக்கக் குதிரை வேண்டும். பண்ணைக்காரர் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே குதிரை ஏறவும் பழகினார்கள். வெளியாட்கள் காசு கொடுத்துத் தங்குவது பின்னால் வந்தது. வடக்கு டகோட்டாவில் மெடோரா ஊர்ப் பக்கம் ஈட்டன் சகோதரர்கள் பண்ணை வைத்திருந்தார்கள். பார்க்க வந்த நண்பர்கள் மாசக்கணக்கில் டேரா போட்டுச் சாப்பாட்டுச் செலவு எகிற, 1882-ல் காசு வாங்க ஆரம்பித்தார்கள். நம்ம ஊர் உறவுக்காரர்களிடம் இது நடக்குமா :-) 1886-87 குளிர்காலத்தில் அந்தப் பகுதியில் மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. மாட்டை மட்டும் நம்பினால் ஆகாது என்று மற்ற பண்ணைகளுக்கும் உறைத்தது. ஈட்டன் குடும்பம் 1904-ல் வயோமிங்குக்கு இடம் மாறியது. ஆக, அங்கே குதிரை என்பது வீட்டில் வளர்ந்து வேலை செய்த பிராணி. குழந்தை அதன்மேல் உட்காருவது அதிசயம் இல்லை.

நம்ம கதை நேர் எதிர். நமக்குக் குதிரை எப்போதும் கடையில் வாங்கிய சாமான்.

பட்டினப்பாலையிலேயே காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரை வந்து இறங்குகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் 'குதிரைச் செட்டிகள்' வருகிறார்கள். குதிரை விற்பதே அவர்கள் தொழில். பாண்டியர் காலத்தில் இது உச்சம். வாசாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர், பாரசீக வளைகுடா துறைமுகங்களிலிருந்து மாபார் பக்கம் (அதாவது நம்ம கிழக்குக் கடற்கரை) வருஷத்துக்கு 10,000 குதிரை போனதாகவும், ஒரு குதிரை 220 பொன் தினார் என்றும் எழுதி வைத்திருக்கிறார். பெருக்கினால் 22 லட்சம் தினார். எண்ணிக்கை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் நம்ம ஊர்ப் பணம் கப்பல் கப்பலாகப் போனது மட்டும் நிஜம்.

ஏன் ஒவ்வொரு வருஷமும் வாங்கணும்? 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ காரணம் சொல்கிறார்: வாங்கிய குதிரைகள் செத்துக்கொண்டே இருந்தன. பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. சோறும் வேகவைத்த கறியும் போட்டார்கள். நல்ல ஜாதிக் குதிரைக்குப் பிறந்த குட்டிகூட இங்கே கால் கோணிப் பிறந்தது என்கிறார். இதெல்லாம் போகட்டும். இன்னொன்று சொல்கிறார் பாருங்கள், அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குதிரை விற்க வந்த வியாபாரிகள், குதிரை வைத்தியம் தெரிந்த லாடக்காரர்களை இங்கே வரவே விடமாட்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் புதுசாக வாங்குவார்கள்!

எங்க துறையில் இதற்குப் பேர் 'வெண்டர் லாக்-இன்'. சாப்ட்வேரை விற்பான், அதை எப்படிச் சரிசெய்வது என்று மட்டும் சொல்லித் தரமாட்டான். 700 வருஷம் முன்னாலேயே பாண்டியனிடம் இந்த வேலையைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். என்ன கொடுமை சார் இது!

ராஜாக்களிடம் காசு இருந்தது. குதிரையை உயிரோடு வைத்திருக்கும் அறிவு இல்லை. அறிவு இல்லாத இடத்தில் பொருள் எப்போதும் அன்னியமாகவே இருக்கும். எனக்குத் தோன்றுவது இதுதான்.

எங்க ஊர் வாலாஜாபாத்துக்கு வருகிறேன். ஊர் பேரே ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா பேரில் வந்தது. 1780-ல் ஹைதர் அலி பெரும் குதிரைப்படையோடு கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். அந்த வருஷம் செப்டம்பர் 10-ம் தேதி, காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்து அடித்தார்கள். காஞ்சிபுரத்தில் உட்கார்ந்திருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. பெரிய பீரங்கிகளைக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். ஹைதரின் குதிரைக்காரர்கள் விடாமல் தொல்லை கொடுத்தார்கள். காஞ்சிக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில்தான் பாலாற்றங்கரையில் எங்க ஊர். குதிரை இல்லாமல் கதை ஆகாது என்று கம்பெனிக்கு உறைத்தது அப்போதுதான். அதே பத்தாண்டில் நவாபின் குதிரைப்படைப் பிரிவுகளைக் கம்பெனி தன்வசம் எடுத்துக்கொண்டது. வாலாஜாபாத்திலும் கம்பெனியின் ராணுவப் பாசறை வந்தது.

அந்தக் காலத்து ராணுவக் கணக்கில் ஒரு விஷயம் உண்டு. ஒரு குதிரை இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு குதிரைக்காரன், ஒரு புல்லுக்காரன். சேணத்தில் உட்கார்ந்தவர் பேர் வரலாற்றில் இருக்கிறது. தினமும் ஏரிக்கரையில் புல் அறுத்துச் சுமந்து, கொள்ளு ஊறவைத்து, குளம்பு பார்த்தவர்கள் பேர் எங்கேயும் இல்லை. நம்ம ஜனங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டம்தான்.

வெறும் இறக்குமதி சரிப்படாது என்று 1824-ல் ஓசூர் பக்கம் மத்திகிரியில் ராணுவக் குதிரைகளுக்கு ஒரு பண்ணை போட்டார்கள். 1,600 ஏக்கருக்கு மேல். டெக்சாஸ் பண்ணைக்குத் தமிழ்நாட்டில் நெருங்கிய சொந்தம் என்றால் இதுதான். அங்கேயும் ஆஸ்திரேலியாவிலிருந்து 'வேலர்' குதிரைகள் வந்து இறங்கியது தனிக்கதை (நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் வேலர்). பின்னால் அது ராணுவத்திடமிருந்து கைமாறி மாவட்டக் கால்நடைப் பண்ணை ஆனது. அதே மாதிரி ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோவில் தேர்த் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும் கத்தியவார், மார்வாரிக் குதிரைகளைப் பார்க்கவே குழந்தை குட்டியோடு கூட்டம் அம்மும்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். மார்க்கோ போலோ, ஹைதர் அலி, மத்திகிரி. ஆயா (அம்மாவைப் பெற்றவர்) முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்:

"இன்னாடா குதிரையே இல்லன்ற? எங்கப்பாகிட்ட ரெண்டு குதிரை இருந்துச்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொள்ளுத்தாத்தா 'ஸ்டேஷன்ல வேலை' பார்த்தார் என்றுதான் சின்ன வயசிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். நான் கொடி ஆட்டுகிறவர் என்று நினைத்திருந்தேன். விஷயம் என்னவென்றால் அவர் வேலை பார்த்தது ஸ்டேஷனில் இல்லை, ஸ்டேஷனுக்கு வெளியில். வாலாஜாபாத் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டி ஓட்டினார். அம்மாவைப் பெண் கேட்டு வந்தபோது, வண்டிக்காரர் பேத்தி என்று சொல்ல வேண்டாம் என யாரோ ஒரு பெரியவர் முடிவு பண்ணி, 'ஸ்டேஷன்ல வேலை' ஆக்கிவிட்டார். அப்படியே நின்றுவிட்டது. அப்பாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும்!

அன்று சாயந்திரம் வரைக்கும் ஆயா பேசினார். ஜட்காவில் சீட் கிடையாது. வைக்கோல் பரப்பி மேலே சாக்கு. சம்மணம் போட்டு உட்காரணும். பின்னால் பாரம் ஏறினால் ஏர்க்கால் தூக்கிக் குதிரையின் வயிற்றுப் பட்டை இறுக்கும். அதனால் "முன்னால தள்ளி உக்காருங்க" என்று கொள்ளுத்தாத்தா கத்திக்கொண்டே இருப்பாராம். காலையில் கொள்ளு வேகும் வாசனையில்தான் வீடு விழிக்கும். குதிரைக்குப் போட்ட பிறகுதான் பிள்ளைகளுக்குக் கஞ்சி. லாடம் தேய்ந்திருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். திருவிழாவுக்குக் குடும்பமே ஒரே வண்டியில் காஞ்சிபுரம் போகும். "நாங்கல்லாம் குடும்பத்தோட குதிரையில போனவங்கதான்" என்றார் ஆயா.

பாண்டிய ராஜாவிடம் இல்லாதது கொள்ளுத்தாத்தாவிடம் இருந்திருக்கிறது. வியாபாரிகள் வரவிடாமல் தடுத்த அந்த அறிவு எப்படியோ கசிந்து வந்து, புல்லுக்காரன், குதிரைக்காரன், வண்டிக்காரன் என்று கைமாறி, ஒரு மட்டக்குதிரையை வருஷக்கணக்கில் ஆரோக்கியமாக வைத்திருக்கும் வரைக்கும் வந்திருக்கிறது. பஸ்ஸும் ஆட்டோவும் வந்தன. ஜட்கா போனது. போனது பரவாயில்லை, காலம் அது. நாம் அதை வெட்கப்பட்டு மறைத்ததுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 'நம்ம ஊர்ல குதிரை கிடையாது' என்று நான் அக்கா பையனிடம் சொன்ன பொய், 'ஸ்டேஷன்ல வேலை' என்ற பொய்யின் குட்டி.

இன்றைக்கு எங்க ஊரிலிருந்து ஒரகடம் போகும் ரோட்டில் நாள் பூரா லாரி. 2010-ல் ரெனோ நிசான் கார் ஆலை, அடுத்தடுத்து டைம்லர் லாரி, என்ஃபீல்டு புல்லட் என்று வரிசையாக வந்தன. அத்தனை எஞ்சினையும் இன்னும் குதிரைத்திறனில்தான் அளக்கிறோம். ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினை விற்கக் குதிரையோடு ஒப்பிட்டுப் போட்ட கணக்கு அது. ஒரு குதிரைத்திறன் 746 வாட். இஞ்சினியரிங்கில் இதை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினேன். ரெண்டு குதிரை வைத்திருந்தவர் பேத்தி வழியில் வந்தவன் என்று தெரியாமலே :-)

போன வாரம் அக்கா பையனை ஈசிஆர் பக்கம் ஒரு குதிரைப் பண்ணைக்குக் கூட்டிப் போனோம். ஆயாவும் வந்தார். முதலில் பையன் பயந்து அக்கா புடவையைப் பிடித்துக்கொண்டான். ஆயா குச்சியை ஊன்றிக்கொண்டு அவனைக் கூட்டிப் போனார்.

"பின்னாடி போவாத. மூஞ்சிக்கு நேராவும் போவாத. தோள்கிட்ட நில்லு. பேசிகினே தொடு, நீ இருக்கன்னு அதுக்குத் தெரியணும்."

அவன் "ஹலோ குதிரை, ஹலோ குதிரை" என்று சொல்லிக்கொண்டே கழுத்தில் கை வைத்தான். குதிரை காதை அவன் பக்கம் திருப்பியது. அங்கே இருந்த பயிற்சியாளர் ஆயாவைப் பார்த்து, "நீங்க குதிரை வச்சிருந்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"எங்கப்பா ஜட்கா ஓட்டினாரு" என்றார் ஆயா. கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.