வாட்போரில் காலப் பிரமாணம்

ஐரோப்பிய வாள்வித்தையில் காலம் என்பது, எதிரியைத் தாக்குவதற்கோ அவன் தாக்குதலைத் தடுப்பதற்கோ உரிய அவகாசத்தையும், அந்த அவகாசத்தை அறிந்து பயன்படுத்தும் முறையையும் குறிக்கும். இத்தாலிய ஆசிரியர்கள் இதனைத் ‘தெம்போ’ என்று வழங்கினர். வேகம் வேறு, காலம் வேறு. எதிரி தன் காப்பு நிலையில் அசையாது நின்று கவனித்துக்கொண்டிருக்கையில், எவ்வளவு லாகவமான கையினின்று புறப்படும் வீச்சும் பெரும்பாலும் அவன் வாளில் பட்டே முடியும் என்பதும், அவன் காலைப் பெயர்க்கும்போதோ வாளை ஓங்கும்போதோ செலுத்தப்படும் நிதானமான குத்துங்கூட உடலை எட்டிவிடும் என்பதும் இவ்வித்தையின் அடிப்படைச் சித்தாந்தமாகும்.

ஜெர்மானிய மரபு இதனைச் சுருக்கமாகவே கூறிற்று. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோஹன்னஸ் லீஹ்டெனாவரின் போதனை, பிறர் எளிதில் அறியாவண்ணம் மறைபொருளான செய்யுள்களாக அமைந்தது. அதற்கு உரையுடன் கூடிய பழஞ்சுவடி ஒன்று இன்று நியூரம்பர்க் நகரத்து ஜெர்மானிய தேசிய அரும்பொருட்காட்சியகத்தில் உள்ளது. முந்திக்கொள்ளுதல், பிந்தி நின்று விடையளித்தல், இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ‘அக்கணமே’ என்னும் நிலை என மூன்றாக அம்மரபு காலத்தைப் பகுத்தது. வாள்கள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும்போது எதிரி வலிந்து அழுத்துகிறானா, தளர்ந்து பிடிக்கிறானா என்பதைக் கையின் உணர்ச்சியாலேயே கண்டு, அக்கணமே செயற்படுவதுதான் இம்மூன்றனுள் அரியது.

காலத்தைத் தத்துவ விசாரத்துக்கு உரியதாக்கியவர்கள் இத்தாலியர். விநாடியை அளந்து காட்டும் கருவி பயிற்சிக் கூடத்தில் இல்லாத அந்நாளில், முன், பின் என்ற முறைமையில் இயக்கத்தை அளக்கும் எண்ணே காலம் என்று அரிஸ்டாட்டில் தமது ‘பௌதிகம்’ என்னும் நூலின் நான்காம் பகுதியில் நிறுவியிருந்தது அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. போலோன்யா மரபைச் சேர்ந்த ஆஞ்ஜெலோ விஜ்ஜானி, தாம் இறந்தபின் 1575இல் வெனிஸில் அச்சேறிய சம்பாஷணை நூலில், லொடோவிகோ பொக்காடிஃபெர்ரோ என்ற தத்துவப் பேராசிரியரையே ஒரு பாத்திரமாக்கி இவ்விஷயத்தைப் பேச வைத்தார். ஒரு காப்பு நிலையில் ஓய்ந்திருந்த வாள் அங்கிருந்து புறப்பட்டு மற்றொரு காப்பு நிலையிற் சென்று ஓயும் வரையுள்ள முழு வீச்சு ஒரு காலம். நடுவழியில் நின்றுவிடும் வீச்சு அரைக் காலம். வாள் பிடிக்கும் கைக்கு இத்தனை தர்க்கம் எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். ஆனால், பெரிய இயக்கம் எதிரிக்குப் பெரிய அவகாசத்தையும் சிறிய இயக்கம் சிறிய அவகாசத்தையும் தரும் என்ற முடிவு இத்தர்க்கத்தினின்றே கிடைத்தது.

நீண்டு மெலிந்த ரேப்பியர் வாளின் காலத்தில் இக்கொள்கை முதிர்ந்தது. டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் ஆதரவில் இருந்த பாதுவா நகரத்துச் சால்வத்தோர் ஃபாப்ரிஸ், 1606இல் கோபன்ஹேகனில் வெளியிட்ட நூலில், எதிரி எட்டும் தொலைவுக்குள் செய்யும் அசைவே காலம் எனத் தகும் என்றும், அத்தொலைவுக்கு வெளியே அவன் எப்படி அசைந்தாலும் அது வெறும் இடமாற்றமே என்றும் வரையறுத்தார். 1610இல் சியேனாவில் நூல் வெளியிட்ட ரிதோல்ஃபோ காப்போ ஃபெர்ரோ ஒரே காலம், இரு காலம், அரைக் காலம், எதிர்க்காலம் என்ற பாகுபாட்டைத் தெளிவுபடுத்தினார். எதிரி தலையை வெட்டக் கருதித் தன் வாளை வலத்தோளின்மேல் ஓங்குகிறான் என்று கொள்வோம். அவன் வாள்முனை பின்னே செல்லச் செல்ல, அவனுடைய மணிக்கட்டும் முன்கையும் மறைப்பின்றி வெளிப்படுகின்றன. ஓங்குதல், இறக்குதல் என்னும் இரண்டு இயக்கங்கள் அவனுக்கு வேண்டியிருக்க, எதிர் நிற்பவனுக்கோ கையை நீட்டி முனையை அந்த முன்கையிற் பாய்ச்சும் ஒரே இயக்கம் போதும். இது அரைக் காலத்துக்கு உதாரணம். அவன் குத்தவே புறப்பட்டுவிட்டால், அவன் வாளைத் தன் வாளின் அடிப்பாகத்தால் புறத்தே விலக்கிக்கொண்டே, அதே அசைவில் முனையை அவன் மார்புக்கு நேரே நிறுத்துவது எதிர்க்காலம். தடுத்தபின் தாக்கும் இரு கால முறையைவிட இதனையே ஃபாப்ரிஸ் உயர்வாகக் கொண்டார். கணிப்புச் சற்றே தவறினால் இருவருமே குத்துண்டு வீழ்வர் என்பதையும் சொல்லவேண்டும்.

இத்தாலிய முறையை வன்மையாகக் கண்டித்தவர், 1599இல் லண்டனில் ‘தற்காப்பின் முரண்பாடுகள்’ என்ற நூலை வெளியிட்ட ஜார்ஜ் சில்வர் என்னும் ஆங்கிலேயக் கனவான். அவருடைய கோபத்தில் தேசாபிமானத்தின் பங்கு அதிகம். எனினும் காலத்தைப்பற்றி அவர் கூறியவை போன்று பயிற்சிக்கு நேரே உதவுபவை வேறெங்கும் அரிது. உடலுறுப்புகளில் கையே விரைவானது, பாதம் மந்தமானது. ஆகையால் கை முன்னும், உடல் அடுத்தும், பாதம் இறுதியிலும் செல்வது மெய்க்காலம். பாதம் முந்திக் கை பின்தொடர்வது பொய்க்காலம். முதலில் காலை எடுத்து வைப்பவன், தன் வாள் எதிரியை அச்சுறுத்தும் முன்னரே தன் உடலை எதிரியின் வாளுக்கு எட்டவைத்து விடுகிறான். கால் பெயர்க்காமல், கையை மட்டும் நீட்டித் தாக்கக்கூடிய ஓர் இடத்தைக் கைப்பற்றுவதே சில்வர் கூறும் போர் முறையின் நோக்கம். தாம் பகைத்த இத்தாலியருக்கும் தமக்கும் இதில் பெரிய பேதமில்லை என்பதை அவர் கண்டிருக்க நியாயமில்லை. 1606இல் வெனிஸில் நூல் வெளியிட்ட நிக்கோலெத்தோ ஜிகாந்தியும் நெடுங்குத்துக்கு முதலில் கையை நீட்டி, அதன் பின்னரே உடலை முன்செலுத்துமாறு போதிக்கிறார். பயிற்சி விவரங்களடங்கிய சில்வரின் மற்றொரு கையெழுத்துப் பிரதி, 1898இல் சிரில் மாத்தி பதிப்பிக்கும் வரை அச்சேறவில்லை.

வாட்போர் விளையாட்டாக மாறிய பின்னரும் இக்கருத்துப் பிழைத்தது. ஓர் எளிய செயலைச் செய்து முடிக்க வேண்டிய நேரமே வாள்வீச்சுக் காலம் என்று இன்றைய சர்வதேச விதிகள் வரையறுக்கின்றன; ஃபாயில், சேபர் என்னும் இருவகைப் போட்டிகளில், எதிரியின் தாக்குதலினூடே தான் தொட்ட தொடுகை செல்லுமா செல்லாதா என்பதை நடுவர் அதனைக்கொண்டே தீர்க்கிறார். எப்பே என்னும் வகையில் மட்டும் அத்தீர்ப்பு மின்கருவியிடம் விடப்பட்டுள்ளது. இரு தொடுகைகளுக்கும் இடைவெளி ஏறத்தாழ 1/25 விநாடிக்குக் குறைவாயின், அக்கருவி இருவருக்கும் விளக்கேற்றும், புள்ளி இருவருக்கும் உண்டு.